வைக்கோல் பை

மாதாஜிக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் சடகோபனுக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்ற கையோடு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். மாதாஜி அவரை இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை சடகோபன் செய்தித்தாளோடு வந்து நின்றார்.

“வவ்வால் பறக்குது, திமிங்கலம் நீந்துது, எலி வளை தோண்டுது. இதுங்களும் நம்ம பசுவும் ஒரே கூட்டம்னு போட்டிருக்கான். எதை வச்சு மாதாஜி?”

“செவலை விடியக்காலம் கன்னு போட்டிருக்கா. இளங்கொடி இன்னும் விழல. விழற வரைக்கும் அவ பக்கத்துல உட்காருங்க, சார்.”

கன்றுக்குப் பின்னால் வரும் நஞ்சுக்கொடியைத்தான் இளங்கொடி என்பார்கள். மாடு வாய் வைப்பதற்குள் அதை எடுத்து, வைக்கோல் சுற்றிச் சாக்குப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். அப்படிச் செய்தால் பால் பெருகும் என்பது ஊர் வழக்கம். விழாமல் உள்ளேயே தங்கினால் அழுகும். மாடு பிழைப்பது கஷ்டம்.

சடகோபன் இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்தார். பிறகு அடுக்களையிலிருந்து காபி வாசம் வந்தது. போனவர், சமையல்காரரோடு தேர்தல் பேச்சில் இறங்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது மாட்டின் பின்னால் தொங்கிய கொடியைக் காணோம். தரையிலும் இல்லை. முழுசாய் விழுந்ததா? அறுந்து மீதி உள்ளே நிற்கிறதா? தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. சாக்குப்பையில் ஈர வைக்கோலைத் திணித்து ஆலமரத்தில் கட்டினார்.

“விழுந்துடுச்சு மாதாஜி.”

“நல்லது.”

மத்தியானம் செவலை தீனியைத் தொடவில்லை. படுத்துவிட்டது. கன்று முட்டியும் எழவில்லை. தன் ஒரு பொய், ஒரு உயிர் போகிற அளவுக்கு வந்து நிற்கிறதே என்று சடகோபன் தொழுவத்துக்கும் ஆலமரத்துக்குமாய் நடந்தார்.

மாதாஜி கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். “இளங்கொடி விழுந்துதான்னு கேட்கிறார், சார். என்ன சொல்லட்டும்?”

சடகோபன் ஆலமரத்துப் பையைப் பார்த்தார். “தெரியாது. பையில வெறும் வைக்கோல்தான்.”

“தெரியாதாம் டாக்டர். வாங்க.”

டாக்டர் பைக்கில் வந்தார். தோள்வரை உறை மாட்டிக் கையை விட்டுத் துழாவினார்.

“உள்ள ஒண்ணுமில்ல, சுத்தம். இவளே தின்னிருக்கா. அதான் வயிறு மந்தம். நாளைக்கு எழுந்து உங்களை முட்டுவா.”

சடகோபன் தவிட்டு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணில் நீர் முட்டியது.

“புல்லு திங்கிற ஜீவன், டாக்டர்!”

“மானும் திங்கும், எலியும் திங்கும், நாயும் திங்கும். ஒட்டகம் திங்காது. திமிங்கலம் கடலோட விட்டுடும். கொடி மட்டும் எல்லாத்துக்கும் உண்டு, உமக்கும் எனக்கும் சேர்த்து. ரத்த வாடைக்குப் புலி வந்து கன்னைத் தூக்கிடக் கூடாது பாருங்க, அதான் தடயத்தை அழிக்கிறா. இங்க ஏது புலி? அவளுக்கு யார் சொல்றது?”

டாக்டர் போனதும் சடகோபன் கேட்டார், “பை வெறும் வைக்கோல்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

“பார்த்ததுமே. கொடி இருந்தா காக்கா மொய்க்கும், ஒண்ணு கூட உட்காரல. அதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.”

சடகோபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சை அடைத்திருந்தது எல்லாம் அதோடு இறங்கிப்போயிற்று.

“பேப்பர்ல போட்டது சரிதான் மாதாஜி. நானும் செவலையும் ஒரே கூட்டம். அவளும் தடயத்தை மறைச்சா, நானும் மறைச்சேன்.”

மாதாஜி கன்றைத் தூக்கித் தாயின் மடியருகே விட்டார்.

“அவ மறைச்சது இந்தக் கன்னுக்காக. உங்க கன்னு எங்க, சார்?”

சடகோபன் பையை அவிழ்க்க ஆலமரத்தை நோக்கி நடந்தார்.