இரட்டைத் தடம்

கோவை பீளமேட்டில் ஒரு சிறிய கம்பெனி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கான சர்க்யூட் போர்டை வரைந்தவர் தேவசகாயம். வயது நாற்பத்தாறு. இருபது வருடம் டி.வி. ரிப்பேர் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் போர்டு வரையக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுத்தவர் ஸபீனா. வயது முப்பத்தொன்று. ஆபீசில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

முதல் போர்டு தோற்றது. படத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவது வரைபடம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போர்டு செய்யும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஒரு மாதம் கழித்து. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் குழந்தைகளின் கண்கள் ஒரு மாதம் பொறுக்காது என்று அங்குள்ள டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு தேவசகாயம் திரையை ஸபீனா பக்கம் திருப்பினார்.

"பாருங்க டீச்சர். எல்லா ஜோடியும் பச்சை. நீளம் மயிரிழைகூட வித்தியாசம் இல்ல. போன ரெண்டு தடவையும் இப்படித்தான் பச்சை காட்டுச்சு. அப்புறம் எங்கதான் தப்பு?"

கேமரா பிடிக்கும் படம் இரண்டு செப்புத் தடங்கள் வழியாக வருகிறது. ஒன்றில் வருவதற்கு நேர் எதிரானது மற்றதில் வரும். வெளியிலிருந்து மின் இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறும். மறுமுனையில் உள்ள சிப் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், படம் மிஞ்சும். அதனால் இரண்டும் அருகருகே போக வேண்டும், நீளமும் சமமாக இருக்க வேண்டும்.

வளைவு வந்தால் வெளிப்பக்கத் தடம் சற்று நீண்டுவிடும். அதற்கு ஈடாக உட்பக்கத் தடத்தை நெளியவிட்டு நீட்டுவார்கள். தேவசகாயம் நெளிவுகளையெல்லாம் சேர்த்துக் கடைசியில், சிப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அங்கேதான் இடம் தாராளமாக இருந்தது.

ஸபீனா திரையைப் பார்த்தார். எழுந்தார்.

"குழந்தைவேலு அண்ணனையும் கூட்டிட்டு பார்க்கிங்குக்கு வாங்க."

"டீச்சர், மணி ரெண்டு."

"தெரியும். வாங்க."

குழந்தைவேலு போர்டுகளில் சிப்புகளைப் பற்றவைப்பவர். கையில் சூடாக்கும் கருவியோடு அப்படியே வந்தார். பார்க்கிங்கில் ஸபீனா ஒரு நீளப் பலகையை இருவர் கையிலும் கொடுத்தார். ஆளுக்கு ஒரு முனை. பலகை மேல் ஆறு டம்ளர், விளிம்பு வரை தண்ணீர்.

"அந்தத் தூணைச் சுத்தித் திரும்பி லிஃப்ட் வரைக்கும் போங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வேகம். திரும்பும்போது யாரும் மெதுவாப் போகக் கூடாது, ஓடவும் கூடாது. வித்தியாசம் வந்தா லிஃப்ட் வாசல்ல சரி பண்ணிக்கலாம்."

"ஏனுங்க டீச்சர், பந்தயமுங்களா?" என்றார் குழந்தைவேலு.

"நடங்கண்ணா."

தூண் பக்கம் தேவசகாயம், வெளிப்பக்கம் குழந்தைவேலு. திரும்பியதுமே குழந்தைவேலு ஓர் அடி பின்தங்கினார். பலகை கோணிக்கொண்டது. அதன் பிறகு வழி நேர்தான். ஆனால் கோணலாகவே போனார்கள். ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் தளும்பியது. ஒரு டம்ளர் உருண்டு தேவசகாயத்தின் சட்டையில் கொட்டியது.

லிஃப்ட் வாசலில் தேவசகாயம் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்தார். குழந்தைவேலு வந்து சேர்ந்தார். பலகை நேரானது.

"ரெண்டு பேரும் எத்தனை அடி வச்சீங்க?"

"முப்பத்தாறு," என்றார் குழந்தைவேலு.

"எனக்கும் முப்பத்தாறு."

"அப்ப பச்சை," என்றார் ஸபீனா.

தேவசகாயம் நனைந்த சட்டையைப் பார்த்தார். திரும்பித் தூணைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை," என்றார். "தண்ணி ஊத்துங்க."

இந்த முறை அவர் யார் சொன்னதையும் கேட்கவில்லை. தூணருகே குறுகக் குறுக அடி வைத்தார். குழந்தைவேலு சுற்றி வந்து தோளுக்கு நேராகச் சேர்ந்த பிறகுதான் காலை எட்டிப் போட்டார். பலகை கோணவில்லை. லிஃப்ட் வாசலில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

"டீச்சர், இதைப் பிடிங்க!"

பலகையை அவர் கையில் திணித்துவிட்டு தேவசகாயம் படியில் ஓடினார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

கடைசி முனையில் இருந்த நெளிவுகளை அழித்தார். ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து விரலால் தொடர்ந்தார். எந்த வளைவில் ஒன்று முந்துகிறதோ அந்த வளைவிலேயே அதற்கு ஒரு சின்ன நெளிவு. இடம் போதாத இடத்தில் பக்கத்துத் தடங்களை நகர்த்தினார். குழந்தைவேலு நாற்காலிக்குப் பின்னால் நின்று மணி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணே கால்."

"ம்."

"மூணே முக்காலுங்க!"

"முடிஞ்சுது, முடிஞ்சுது!"

மூன்று ஐம்பத்து நான்குக்கு கோப்பு போனது. தேவசகாயம் எழுந்து குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் போர்டு வந்தது. குழந்தைவேலு சிப்புகளைப் பற்றவைத்தார். மின்சாரம் கொடுத்ததும் கேமரா முன் நீட்டிய தேவசகாயத்தின் கட்டைவிரல் திரையில் தெரிந்தது. ரேகை ரேகையாக. ஒரு கோடும் விழவில்லை. ஆபீஸ் முழுக்கக் கைதட்டியது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. ஒன்றேகால் கிலோ எடையுள்ள பெண் குழந்தை. டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்தில் விரல் வைத்தார்.

"இங்க பாருங்க, ரத்தக் குழாய் தப்பா வளருது. இன்னிக்கே லேசர் வச்சிரலாம். பார்வைக்குப் பயமில்ல."

வெளியே வந்த தேவசகாயத்தால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கண்ணைத் துடைத்தார், சிரித்தார். பிறகு ஸபீனா முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அன்னிக்குத் திரையைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்லையா?"

"தெரிஞ்சுது."

"அப்ப இந்தந்த வளைவுன்னு தொட்டுக் காட்டியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே! நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கற வரைக்கும் உயிர் போய் உயிர் வந்துச்சு. ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா ஏழு வளைவைக் காட்டியிருப்பேன், சார். நீங்க திருத்தினது எட்டு. கேமரா ஒயரைச் செருகுற சாக்கெட்டுக்கு அடியில இருந்த வளைவை நான் பாக்கவே இல்ல."