இடது சீட்டில் இருந்த ஆள்

வண்டித் தகரத்தை எப்போது வெட்டலாம் என்று நாச்சிமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். ரெஜினா இன்னும் கட்டரைத் தொட விடவில்லை.

ரெஜினாவுக்கு சூலூர்ப் பக்கம் ஒரு ஷெட். படுக்கவும் சமைக்கவும் வசதி வைத்த பழைய கேம்பர் வேன்களை மறுபடி ஓட வைப்பார். அவரிடம் வேலை பழக வந்த நாச்சிமுத்துவுக்கு வயது அவரைவிட ரொம்பவே அதிகம். ஆனாலும் ரெஜினாவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அந்த ஷெட்டில் ஒரு முறை உண்டு. வண்டி முதலில் கம்ப்யூட்டரில் மாடலாக முழுசாக உருவாக வேண்டும். கட்டரைத் தொடுவது அதற்கப்புறம்தான். அந்தக் காலத்துத் தகரம் இப்போது எங்கேயும் கிடைக்காது. தப்பாக வெட்டினால் அதோடு போச்சு.

நாச்சிமுத்து தனக்கென்று ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார், ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. வேலையை விட்டுவிட்டார். வீட்டையும் காலி செய்துவிட்டு மனைவி கனகமணியோடு அதிலேயே குடியிருக்கப் போகிறார். அதனால் மாடலில் எதையும் விட்டுவைக்கவில்லை. கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், பாத்திர அலமாரி, எல்லாம் இருந்தது. எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க ஆட்களைக்கூட உட்கார வைத்திருந்தார். பொய் சொல்லக் கூடாது, வேலை பிரமாதம்.

அன்றைக்கு ரெஜினா மாடலைத் திரையில் மெதுவாகச் சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"ஓட்டறது நீங்க. பக்கத்து சீட்டுல யாருங்கண்ணா?"

"கனகமணிங்க மாஸ்டர்."

ரெஜினா அந்த முகத்தைப் பெரிதாக்கினார்.

மீசை இருந்தது.

நாச்சிமுத்து திரைக்குக் கிட்டே குனிந்தார். மீசை மட்டுமா? அவருக்கு இருக்கிற அதே தொப்பை, அதே வழுக்கை. இடது கையில் இருக்க வேண்டிய கடிகாரம் மட்டும் வலது கைக்குப் போயிருந்தது.

இந்த வேலை செய்கிறவர்கள் வண்டியில் ஒரு பாதியைத்தான் செய்வார்கள். மறுபாதியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒரே தட்டில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். கதவு, விளக்கு, சக்கரத்துக்கு மேல் வளைவு, எல்லாமே அப்படித்தான். அவர் தன்னையே ஸ்கேன் செய்து டிரைவர் சீட்டில் வைத்திருந்தார். சீட்டைத் திருப்பிப் போட்டபோது ஆளும் சேர்ந்து திரும்பிவிட்டார். அதைத் தினமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கண்ணில் படவே இல்லை.

"அக்காவுக்கு மீசை எடுப்பாத்தான் இருக்குதுங்க" என்றார் ரெஜினா. போன் போட்டு அக்காவை வரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

கனகமணி அந்த ஷெட்டுக்கு வந்ததே இல்லை. அவர் பஸ் பிடித்து வருவதற்குள் இருவரும் மாடலில் இருந்த அளவுப்படியே அட்டையை வெட்டித் தரையில் நிறுத்தினார்கள். அட்டைக் கட்டில், அட்டை அடுப்பு, அட்டை அலமாரி. சீட்டுக்கும் கட்டிலுக்கும் மட்டும் ஆள் தாங்குகிற மாதிரி உள்ளே மரப்பெட்டி முட்டுக் கொடுத்தார்கள். உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொண்டு கொஞ்சம் புழங்குங்கள் என்று ரெஜினா சொன்னார்.

கனகமணி அலமாரிக்குக் கை நீட்டினார். எட்டவில்லை. சீட்டில் உட்கார்ந்தார். கால் தரையில் படாமல் தொங்கியது. கட்டிலில் அவருக்கு உள்பக்கம். பாத்ரூம் போக எழுந்தால் புருஷனைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அங்கேயே கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்திருந்தார். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கறீங்க. நான் வரலீங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நாச்சிமுத்து சிரித்தார். கனகமணி சிரிக்கவில்லை. உடுமலையில் தம்பி வீட்டில் பின்கட்டு அறையை ஒழித்து வைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்புகிற அன்றைக்கே அவர் அங்கே போய்விடுவாராம். தம்பியும் சரி என்று சொல்லிவிட்டானாம்.

நாச்சிமுத்து அட்டை அடுப்பைப் பிடித்துக்கொண்டார். அது மடங்கியது.

"எப்ப முடிவு பண்ணின?"

"மொதமொதல்ல இந்தப் படத்தப் போன்ல காட்டினீங்கல்ல, இது நீ, இது நான்னு. மீசைய அப்பவே பாத்துட்டனுங்க. என்னிக்காவது நீங்களே பாப்பீங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

மடங்கிய அட்டை அடுப்பை நாச்சிமுத்து நிமிர்த்தப் பார்த்தார்.

அப்புறம் படபடவென்று ஆரம்பித்தார். இன்றைக்கே மாற்றிவிடலாம், அலமாரியைக் கீழே இறக்கலாம், கட்டிலைக் குறுக்காகப் போடலாம், கால் வைக்கச் சீட்டுக்கடியில் பலகை கொடுக்கலாம். பேசிக்கொண்டே டேப்பை இழுத்து மனைவியின் காலடியில் குந்தினார். குதிகாலில் ஒரு முனையை வைத்தார்.

ரெஜினா குனிந்து அந்த டேப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அளவு அப்பறம் எடுக்கலாங்கண்ணா. வர்றியான்னு அவங்ககிட்ட மொதல்ல கேளுங்க."

நாச்சிமுத்து குந்தியபடியே அண்ணாந்து பார்த்தார். கனகமணி நின்றுகொண்டிருந்தார். நாச்சிமுத்து வாயைத் திறந்தார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.