படி இல்லாத அரண்மனை

ஏழுமலை நாட்டை ஆண்ட பரிதிவேளுக்குக் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் பித்தளைத் தராசு ஒன்றைப் பரிசளித்தான். அன்றிலிருந்து அரசனுக்கு வேறு வேலை ஓடவில்லை. கிரீடத்தை நிறுத்தான், செருப்பை நிறுத்தான், அரசியின் கிளியைக் கூண்டோடு நிறுத்தான்.

உக்கிராணத்து அதிகாரி நரசிங்கருக்கும் தலைமைச் சமையற்காரன் வெண்காடனுக்கும் ஏற்கெனவே ஆகாது. இதுதான் சமயம் என்று நரசிங்கர் அரசனிடம் போனார். படியால் அளப்பதெல்லாம் குத்துமதிப்பு, ஒருவன் தலைதட்டி அளப்பான், இன்னொருவன் கோபுரமாக அளப்பான், தராசோ பொய்யே சொல்லாது என்று ஓதினார். அரண்மனைக்குள் இனி எந்தப் படியும் இருக்கக் கூடாது, மீறினால் நாடு கடத்தல் என்று அரசன் பறையறைவித்துவிட்டான்.

நரசிங்கர் ஒரு படி அரிசியை நிறுத்து, அதே எடைக்கு ஒரு கல் செதுக்கி மடைப்பள்ளியில் வைத்தார். ஒரு படி என்றால் இனி இந்தக் கல்தான், எந்தப் பொருளானாலும் சரி என்றார். வெண்காடன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அரசனின் மைத்துனருக்கு விருந்து. குழம்புக்கு ஒரு படி மிளகாய் வற்றல் வேண்டும். ஒரு தட்டில் கல், மறு தட்டில் வற்றல். கொட்டக் கொட்டத் தட்டு இறங்கவே இல்லை. ஒருவழியாக இறங்கியபோது உக்கிராணத்தில் வற்றல் காலி. மைத்துனர் ஒரே ஒரு கவளம் வாயில் வைத்தார். அப்புறம் அவரைக் குளத்துக்குள்தான் பார்க்க முடிந்தது.

வெண்காடன் பயந்துபோய்த் தன் பழைய படியை எடுத்துத் திருட்டுத்தனமாக அளக்கத் தொடங்கினான். சாப்பாட்டில் ருசி திரும்பியது. அதுவே அவனைக் காட்டிக் கொடுத்தது. நரசிங்கர் மோப்பம் பிடித்து, விறகுக் குவியலைக் கலைத்துப் படியைக் கண்டெடுத்து அரசன் முன் வைத்தார். பொழுது சாய்வதற்குள் வெண்காடன் ஆற்றைத் தாண்டிவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

மனைவி மக்களோடு மூட்டை கட்டியவன், அவைக்களத்து விகடர் கூத்தரிடம் சொல்லிக்கொள்ளப் போனான். நடந்ததையெல்லாம் சொல்லி அழுதான். ஓடத்தில் ஏறாமல் துறையிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு, கூத்தர் வேகமாக அரண்மனைக்கு நடந்தார்.

சற்று நேரத்தில் அரண்மனை வாசலில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. அரசன் மாடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தான். கூத்தர் கல்தச்சர்களை வைத்து வாசற்படியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். காவல் வீரர்கள் வேல்களைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

"கூத்தரே, என்ன இது?"

"தங்கள் கட்டளை, அரசே. எந்தப் படியும் இருக்கக் கூடாதாமே. இதுவும் படிதான். வீரர்களுக்கும் இனித் தினப்படி கிடையாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் புறப்படுகிறார்கள்."

"நான் சொன்னது அளக்கிற படியை."

"அது என்ன பாவம் செய்தது? அரிசியும் மிளகாயும் ஒரே படியில் அடங்கும். ஒரே கல்லில் அடங்குமா? மைத்துனரைக் கேட்டால் சொல்லுவார்."

வீரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். அரசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாதம் வேண்டாம். கடப்பாரையைக் கீழே போடச் சொல்லும். நான் சொன்னபடி செய்யும்."

கூத்தர் அடக்கமாகக் கைகூப்பினார்.

"அரசே, வெண்காடன் படியை விறகுக்குள் ஒளித்துவைத்தான். தாங்கள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள். துறையில் ஓடம் ஒன்றுதான் இருக்கிறது. யார் முதலில் ஏறுவது?"

'சொன்னபடி' என்று அரசன் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவ்வளவுதான். மாடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டும்வரை சிரித்தான். பிறகு தன் முத்து மாலையைக் கழற்றிக் கூத்தருக்கு வீசினான். வெண்காடனை அழைத்து வரத் துறைக்குக் குதிரை பறந்தது. பெயர்த்த கல்லைத் திரும்பப் பதிக்கிற வேலை மட்டும் நரசிங்கர் தலையில் விழுந்தது.