புகை ஏறிய விஸ்கிக்கு விலை சொல்ல முடியாமல் போன கதை

அந்தக் காலத்தில், காட்டுவாத்தும் நீர்நாயும் மனிதரோடு உட்கார்ந்து வாயடித்த காலத்தில், வடகடலில் ஒரு தீவு இருந்தது. பேருக்குக்கூட அங்கே ஒரு மரம் கிடையாது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் மண்கட்டிதான் அடுப்புக்கு. புகை வெளியேற ஒவ்வொரு கூரையிலும் ஓர் ஓட்டை இருக்கும். கடல் தாண்டிப் போனவர்களுக்கு ஊர் என்றால் முதலில் அந்தப் புகைதான் ஞாபகம் வருமாம். போகாத எனக்கே சொல்லும்போது ஏக்கமாக இருக்கிறது.

தீவில் விஸ்கி காய்ச்சியவர்கள் இரண்டே பேர். ஒற்றை ஆளாக வாழ்ந்த இஷ்பெல். ஓடைக்கு அந்தப் பக்கம் முர்டோ. ஆண்டுக்கொரு முறை காட்டுவாத்து இரண்டையும் சுவைத்து, எந்தச் சாடி எத்தனை செம்மறி பெறும் என்று விலை சொல்லும். பாதி வருஷம் வெளியூரில் இருக்கும் பறவை, யாருக்கும் உறவில்லை, அதனால் அதன் வாக்குக்கு மதிப்பு. மூன்று முறை தோற்றவர் ஓடையை விட்டுக்கொடுத்துத் தீவைவிட்டே படகேற வேண்டும். இஷ்பெல் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள்.

அந்த வருஷம் பார்த்து மழை விடவே இல்லை. முர்டோ கெட்டிக்காரன், விஸ்கிக்கு முளைகட்டிய பார்லியை மழை பிடிக்கும் முன்பே வெயிலில் காயவைத்துவிட்டான். இஷ்பெலின் பார்லி ஈரத்தில் கிடந்து நாறத் தொடங்கியது.

"அடுப்பைச் சுத்திப் பரப்பி வையேன் அக்கா," என்றது நீர்நாய்.

"சூடெல்லாம் கூரை வழியா போயிடுதே."

"அப்ப ஓட்டையை அடைச்சிடு."

பதற்றத்தில் அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோணியைத் திணித்து ஓட்டையை அடைத்தாள். பார்லி காய்ந்தது. ஆனால் வீட்டிலிருந்த புகை முழுக்க அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. காய்ச்சி வடித்த பிறகும் அது போகவில்லை. யோசனை சொன்ன நீர்நாய் நாலு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

போட்டி நாளில் இரண்டு சாடிகளும் வந்தன. முர்டோவுடையது தேன்போல இறங்கியது என்று எல்லோரும் சப்புக்கொட்டினார்கள். இஷ்பெலுடையதை நக்கிப் பார்த்த கடல்நாய், "இது கப்பல் கயித்தை ஊறவெச்ச தண்ணி," என்றது. "புண்ணுக்குப் போடுற மருந்து," என்றது செம்மறி. இஷ்பெல் தலையைக் குனிந்துகொண்டாள்.

காட்டுவாத்து அலகைச் சாடியருகே கொண்டுபோனது. குடிக்கவில்லை. அப்படியே நின்றது.

"என்னம்மா, சுவைச்சுப் பாரு," என்றான் முர்டோ.

"போன குளிர்ல என் துணைக்குச் சிறகு ஒடிஞ்சுது," என்றது வாத்து. "இந்தப் பொண்ணு அவரைத் தூக்கிட்டுப் போய் அடுப்போரம் வெச்சிருந்தா. மூணு நாள் நானும் கூடவே இருந்தேன். அப்புறம் அவர் இல்ல. அந்த மூணு நாள் இந்த வாசனைலதான் இருந்தோம்."

வாத்து அழுதது.

"பொய் சொல்லமாட்டேன். ருசியில முர்டோ சாடிதான் ஒசத்தி, பன்னிரண்டு செம்மறி தாங்கும். இதுக்கு எனக்கு விலை சொல்ல வரல."

விலை சொன்னால்தான் வெற்றி தோல்வி. முர்டோ தாடியைச் சொறிந்துகொண்டான். பிறகு அவனும் அந்தச் சாடியை முகர்ந்தான். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் அண்ணனின் கம்பளிச் சட்டை அவனுக்கு நினைவு வந்தது.

"விலையே இல்லாததை நான் எப்படி ஜெயிக்கிறது?" என்றான். "நீ இங்கேயே இரு இஷ்பெல். ஓடைத் தண்ணி ரெண்டு பேருக்கும் போதும்."

அன்று முதல்தான் புகை ஏறிய விஸ்கியின் விலையைப் பற்றி இரண்டு பேர் ஒத்துப்போவதில்லை. ஒருவர் மருந்து நாற்றம் என்று முகம் சுளிக்க, பக்கத்திலிருப்பவர் கோப்பையை மூக்கருகே பிடித்தபடி, இப்போது இல்லாத யாரோடோ கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் குடிக்கிறார்.