சம்பந்தி பேரில் ஒரு புரொஃபைல்

முகூர்த்தம் நெருங்கியது. கல்யாணத்தை நெட்டில் நேரலையாக அனுப்பும் லைவ் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த செல்வராணியிடம் மாப்பிள்ளையின் அப்பா அருணாசலம் கர்ஜித்தார்: "சிங்கப்பூர்ச் சொந்தமெல்லாம் பாக்குது. படம் சினிமா மாதிரி வரணும். ஒரு தடவை நின்னாலும் உன் பெட்டி வீடு போய்ச் சேராது!"

மண்டபத்தில் நெட்டோ நூலிழை. செல்வராணி அவருக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள்.

"படம் உச்சத் தரத்துல போக, பெட்டியில உங்க பேர்லயே தனி செட்டிங், ஒரு புரொஃபைல் போட்டுட்டேன் ஐயா. ஆனா இங்கே போன்ல லைவ் விடுறவங்க நெட்டை உறிஞ்சிடுறாங்க. நிறுத்தச் சொல்லுங்க, உடனே அந்த புரொஃபைலைத் தட்டிவிடுறேன்."

அருணாசலம் மைக்கைப் பிடுங்கினார். "இனி எவன் போன்ல லைவ் விட்டாலும் பந்தியில இலை கிடையாது!"

போன்களெல்லாம் பைக்குள் போயின. ஒன்று மட்டும் அவர் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. பிடித்திருந்தவர் அவருடைய டிரைவர்.

"ஐயா, உங்க பேஸ்புக்ல விடாம லைவ் போடச் சொன்னது நீங்கதானே?"

மைக் அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது. செல்வராணி பட்டனில் விரலை வைத்தபடி பணிவாகக் கேட்டாள்: "ஐயாவுக்கு இலை போடலாமா?"