கழுவிக்கொண்டு வந்த கால்கள்

“பட்டியல்லேருந்து என் பேரை அடிச்சிருங்க, சாமி.”

மிக்கேல் இப்படிக் கேட்டு முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஊரில் அப்போதிருந்த ஓட்டுக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். பழைய குளிர்ச்சி போச்சு. ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தால் அவனுக்கு அந்தக் காலைதான் ஞாபகம். அன்று வேலை பார்த்த லாரி ஷெட்டிலிருந்து நேரே போய், பங்குச் சாமியார் சூசைநாதர் முன்னால் நின்றான்.

அன்று சாயந்திரப் பூசையில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவுவார். சீடர்களுக்கு இயேசு கழுவினாரே, அதன் நினைவாக. அந்த வருஷம் மிக்கேலின் பேரும் பட்டியலில் இருந்தது.

“ஏன்?”

“இந்த நாப்பது நாள் தவக்காலம் முடியிறவரைக்கும் குடிக்க மாட்டேன்னு பீடத்துல சத்தியம் பண்ணேன். முந்தாநாள் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து குடிச்சிட்டேன்.”

“சரி.”

“என்ன சரி? ஏழு வருஷமா இதே கதைதான் சாமி. என் வைராக்கியம் அவ்வளவுதான். பொண்டாட்டியும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. முதல்ல நான் திருந்துறேன். அப்புறம் வந்து உட்கார்றேன்.”

சாமியார் அவன் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை கிரீஸும் எஞ்சின் ஆயிலும் அப்பியிருந்தன.

“சாயந்திரம் இப்படியே வாங்க.”

“கழுவாமலா?”

“கழுவாம.”

ஊரே பார்க்குமே! நினைக்கும்போதே மானம் போனது. இருந்தாலும் போனான். சாமியார் பேச்சைத் தட்ட முடியுமா?

மற்ற பதினோரு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லில் குதிகாலைத் தேய்த்துவிட்டு வந்திருந்தார்கள். அது அந்த ஊர் வழக்கம். சாமியார் கையில் அழுக்குப் படலாமா? ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார்.

அவர்கள் காலில் ஊற்றிய தண்ணீர், ஊற்றிய மாதிரியே தெளிவாகக் கீழே பாத்திரத்தில் விழுந்தது.

மிக்கேல் கடைசி ஆள். காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

சாமியார் முழங்காலிட்டு, அந்தக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அவருடைய வெள்ளை அங்கியின் கை கறைபட்டது. சொம்பு தீர்ந்தது. இன்னொரு சொம்பு கேட்டார். விரலிடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்தார்.

“விடுங்க சாமி, நானே கழுவிக்கிறேன்.”

மிக்கேல் குனிந்தான். கண் நிறைந்து, கால் எது, கை எது என்று தெரியவில்லை.

சாமியார் அவன் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து சிரித்தார்.

“சும்மா உட்காருங்க, மிக்கேலு. குருப்பட்டம் வாங்கிப் பத்தொன்பது வருஷமாச்சு. இன்னைக்குத்தான் எனக்கு வேலை கிடைச்சிருக்கு.”