தேன்பாறைக் கொடியை மச்சினன் பிடித்த கதை

தேனீக்கள் மனிதரோடு வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், மேகம் வந்து முட்டுகிற உயரத்தில் ஒரு மலையூர் இருந்தது. ஊருக்கு மேலே தேன்பாறை. பாறையின் முகத்தில் முறம் முறமாகத் தேனடைகள் தொங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவன் காட்டுக்கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தேன் எடுப்பான். உச்சியில் இன்னொருவன் அந்தக் கொடிக்குக் காவல் இருப்பான். இறங்குகிறவன் உயிர் அவன் கையில்தான். காவலுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பிதான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பெண்கள் பாறைப் பக்கம் தலைகாட்டினால் தேனீக்கள் கொட்டியே கொன்றுவிடும் என்று ஒரு பேச்சும் இருந்தது. யார் போய்த் தேனீக்களிடம் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை!

அந்த ஊரில் கெம்பி என்று ஒருத்தி. நல்ல வாய்க்காரி. அவள் புருஷன் பெள்ளன் சாது, யார் எது சொன்னாலும் தலையாட்டுவான். அவனுக்கு மாசன் என்று ஓர் அண்ணன், கூளன் என்று ஒரு தம்பி. போன வருஷம் கூளன் இறங்கினான், மாசன் காவல் இருந்தான். பாதிப் பாறையில் கொடி அறுந்து கூளன் போய்ச் சேர்ந்தான். செத்தவனின் காடு மூத்த அண்ணனுக்கு என்பது ஊர்க்கட்டு. அதனால் கூளனின் சாமைக்காடு மாசனுக்கு வந்தது. "கொடி தேஞ்சு போச்சே, நான் என்ன பண்ணுவேன்!" என்று மாசன் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். ஊரே உச்சுக்கொட்டியது.

கூளனின் இடுப்பில் சுற்றியிருந்த கொடியைக் கெம்பிதான் அவிழ்த்தாள். தேய்ந்த கொடி நார் நாராகப் பிரிந்து நிற்கும். இதன் நுனியோ கத்தி பட்டதுபோல் வழவழவென்று இருந்தது. நுனியை நறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷனிடம் காட்டினாள்.

"எங்க அண்ணனையா சந்தேகப்படுறே? வாயை மூடு" என்றான் பெள்ளன்.

இந்த வருஷம் பெள்ளன் முறை. மாசன் உச்சி மரத்தில் கொடியைக் கட்டினான். பெள்ளன் இறங்கத் தயாராக நின்றான், ஊர் ஆண்கள் கூடியிருந்தார்கள். அப்போது கெம்பி விறுவிறுவென்று மேலே ஏறி வந்தாள்.

ஊர்த் தலைவர் மூப்பன் பதறிப்போனார். "அடி பாவி, திரும்பிப் போ! தேனீ எல்லாரையும் கொட்டிக் கொன்னுடும்!"

"அதையும் அதுங்ககிட்டயே கேட்டுடுவோம்" என்று கெம்பி பாறை விளிம்புக்குப் போய்க் குனிந்தாள். "தாயிகளா! பொம்பளை வந்தா கொட்டுவீங்களாமே, நிஜமா?"

பாறையே சிரித்ததுபோல் ஒரு ரீங்காரம் எழுந்தது. "நல்லா இருக்கே கதை! அடை கட்டுறது, தேன் கொண்டாறது, கொட்டுறது எல்லாமே பொம்பளைங்க நாங்கதான். உன்னை எதுக்குடி கொட்டணும்?"

மூப்பன் விளிம்பைவிட்டு ஓர் எட்டுப் பின்னால் போனார்.

கெம்பி இடுப்புக் கத்தியை உருவினாள். மரத்தில் கட்டியிருந்த கொடியை ஒரே வெட்டாக வெட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பழைய கொடித் துண்டை எடுத்து, வெட்டின நுனியோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டும் ஒரே வழவழப்பு.

"தேஞ்ச கொடி இப்படியா இருக்கும்? எல்லாரும் தொட்டுப் பாருங்க!"

"பாறை விளிம்பு வெட்டியிருக்கும்" என்றான் மாசன்.

"இருக்கட்டும் பெரிய மாமா. என் புருஷன் விழுந்தா அந்தக் காடு உங்களுக்கு வேண்டாம், எங்க பிள்ளைங்களுக்கே போகட்டும்னு இந்தப் பாறையைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க. புதுக்கொடி நானே திரிச்சுத் தர்றேன், நீங்களே பிடிங்க."

மாசன் பாறையைப் பார்த்தான், மூப்பனைப் பார்த்தான். கை மட்டும் நீளவில்லை. "ஊர்க்கட்டை நான் எப்படி மாத்துறது?" என்று முனகினான்.

பெள்ளன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டே பழகியவன், பிறந்து முதல் தடவையாக மாட்டேன் என்று தலையாட்டினான்.

"அப்ப கொடியை யார்தான் பிடிக்கிறது?" என்றார் மூப்பன்.

"என் தம்பி தொட்டன்" என்றாள் கெம்பி.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தொட்டன் வெயில் உச்சிக்கு வந்தாலும் பாயைவிட்டு எழாத ஆள்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! என் புருஷன் விழுந்தா மூணு பிள்ளையோட நான் இவன் வீட்டுக்குத்தானே போகணும்? என் அழுகையைத் தினம் தினம் இவன்தானே கேட்கணும்? இந்த மலையில என் புருஷன் செத்தா நஷ்டம்னு நினைக்கிற ஆம்பளை இவன் ஒருத்தன்தான்!"

கூட்டத்துக்குள்ளிருந்து தொட்டன் முன்னால் வந்தான். "அக்கா அழுதா எனக்குத் தாங்காது மூப்பரே" என்றான்.

புதுக்கொடி திரிக்க இரண்டு நாள் ஆனது. பெள்ளன் இறங்கினான். மரத்தில் கொடி கட்டிய முடிச்சைப் பிடித்து உட்கார்ந்த தொட்டன், ஈ மொய்த்தாலும் அசையவில்லை. பெள்ளன் மூங்கில் குழாய் நிறையத் தேனோடு ஏறி வந்தான். மாசன் அன்றைக்கே ஊரைவிட்டு இறங்கிப் போனான். கூளன் பெண்டாட்டி, கைக்குத் திரும்பி வந்த காட்டில் மறுபடி சாமை விதைத்தாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், அந்த மலையில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்குக் கொடி பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். இன்றும் கொடி பிடிக்கிற மச்சினனின் ஒரு கண் முடிச்சின்மேல் இருக்கும், இன்னொரு கண் பாறை உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற அக்காவின் முகத்தின்மேல் இருக்கும்.